ஆண்ட்: ஃபார் டாஸ்க் ஓடவில்லை, அவசரம்

தேன்சிட்டு: ஆண்ட் என்ற பில்ட் கருவிக்குக் கூடுதல் டாஸ்க்குகளைத் தரும் ஆண்ட்-கான்ட்ரிப் ஜார் (ஜாவா நூலக ஃபைல்) போட்டாயிற்று. ஆனாலும் ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் ஃபார் டாஸ்க்கை உருவாக்க முடியவில்லை என்று பில்ட் நின்றுவிடுகிறது. இன்று மாலைக்குள் ரிலீஸ் கொடுக்க வேண்டும், யாராவது சொல்லுங்கள்.

கல்தூண்: ஜாரை எங்கே போட்டீர்கள்? ஆண்ட் எந்தப் பதிப்பு? டெர்மினலிலா, எக்லிப்ஸ் எடிட்டரிலா? எக்லிப்ஸ் என்றால் அதற்குள்ளேயே தனி ஆண்ட் இருக்கிறது, அதன் கிளாஸ்பாத்தில் (ஜார்களைத் தேடும் இடங்களின் பட்டியலில்) ஜாரைச் சேர்க்க வேண்டும்.

ஓடைக்கரை: ஜார் பாதி டவுன்லோடில் நின்றிருக்கும். அழித்துவிட்டு மறுபடி இறக்குங்கள். பெரும்பாலும் இதுதான்.

தேன்சிட்டு: டெர்மினல்தான். ஆண்ட் 1.10. அதே ஜாரில் உள்ள, நிபந்தனை பார்க்கும் இஃப் டாஸ்க் ஓடுகிறது, ஃபார் மட்டும்தான் பிரச்சினை.

மூத்தோன்: இதை முதலிலேயே எழுதியிருந்தால் மற்றவர்கள் ஊகித்துக்கொண்டிருக்க வேண்டாம். கேட்பதற்கு முன் கையேட்டைப் புரட்டும் பழக்கம் வேண்டும் தம்பி. இஃப்புக்கு இந்த ஜாரே தேவையில்லை. ஆண்ட் 1.9.1 முதல் நிபந்தனையை டாஸ்க்கின் அட்ரிபியூட்டாகவே எழுதலாம்.

கல்தூண்: அவர் கேட்டது ஃபார் பற்றி ஐயா. தேன்சிட்டு, ஜாரின் டாஸ்க்குகளை ஆண்ட்டுக்கு அறிமுகப்படுத்தும் டாஸ்க்டெஃப் வரியை அப்படியே ஒட்டுங்கள். இஃப் ஓடினால் ஜார் கிடைத்துவிட்டது என்று அர்த்தம், டவுன்லோடில் குறை இல்லை.

தேன்சிட்டு: ரிசோர்ஸ் = நெட்/எஸ்எஃப்/ஆண்ட்கான்ட்ரிப்/ஆண்ட்கான்ட்ரிப்.ப்ராப்பர்ட்டீஸ்

கல்தூண்: இதுதான் காரணம். அந்த ப்ராப்பர்ட்டீஸ் ஃபைல் 1.6-க்கு முந்தைய ஆண்ட்டுக்காக வைத்திருக்கும் டாஸ்க் பட்டியல். ஃபாருக்கு 1.6 தேவை என்பதால் அந்தப் பட்டியலில் அதைச் சேர்க்கவில்லை. கடைசிப் பெயரை மட்டும் ஆண்ட்லிப்.எக்ஸ்எம்எல் என்று மாற்றுங்கள். அதே ஃபோல்டர்தான், ஜாருக்குள்ளேயே இருக்கிறது.

ஓடைக்கரை: அப்படியே ஜாரை ஹோம் டைரக்டரியில் .ஆண்ட்/லிப் உள்ளே வையுங்கள். ஆண்ட்டை அப்டேட் செய்தாலும் போகாது.

மூத்தோன்: தவறான யோசனை. உங்கள் மெஷினில் ஓடும், பக்கத்து சீட்டில் உடையும். ஜார் ப்ராஜெக்ட்டோடு ரிப்பாசிட்டரியில் (எல்லோருக்கும் பொதுவான கோட் சேமிப்பகத்தில்) இருக்க வேண்டும், டாஸ்க்டெஃப்பில் கிளாஸ்பாத் கொடுக்க வேண்டும்.

ஓடைக்கரை: பத்து ப்ராஜெக்ட் என்றால் பத்து காப்பியா? ஆண்ட் கட்டளையோடு -லிப் ஆப்ஷனில் பொது ஃபோல்டரைக் காட்டினால் போதுமே.

மூத்தோன்: அந்த ஆப்ஷனை ஒவ்வொருவரும் ஞாபகம் வைத்து அடிக்க வேண்டும். புதிதாகச் சேர்பவருக்கு யார் சொல்வது? 1.0பி3 பதிப்புக்குப் பிறகு வெளியீடே வராத ஜாருக்குக் காப்பி இருந்தால் என்ன நஷ்டம்?

கல்தூண்: இதில் மூத்தோன் சொல்வது சரி. பில்ட் சர்வரில் உங்கள் ஹோம் டைரக்டரி இருக்காது. எந்த ஜார் எங்கிருந்து வருகிறது என்று சந்தேகம் வந்தால் ஆண்ட் -டயக்னாஸ்டிக்ஸ் அடியுங்கள். ஆண்ட்டின் லிப், ஹோம் டைரக்டரியின் .ஆண்ட்/லிப் ஆகிய இரண்டிலும் இருப்பதைத் தனித்தனியாகக் காட்டும்.

தேன்சிட்டு: ஆண்ட்லிப் என்று மாற்றியதும் ஓடிவிட்டது. நன்றி.

கல்தூண்: நல்லது. ஜாரைக் கடைசியில் எங்கே வைத்தீர்கள்?

வேப்பமரம்: எனக்கு வேறு கணினிக்கு ஃபைல் அனுப்பும் எஸ்சிபி டாஸ்க்கில் இதே மாதிரி வருகிறது. அதற்கான ஆண்ட்-ஜேஎஸ்சிஹெச் ஜார் ஆண்ட்டின் லிப்பில் இருக்கிறதே?

கல்தூண்: அது இணைப்பு ஜார் மட்டும்தான். உண்மையில் அனுப்பும் வேலையைச் செய்யும் ஜேஎஸ்சிஹெச் நூலகத்தைத் தனியாக இறக்க வேண்டும். ஆண்ட்டோடு வரும் ஃபெட்ச்.எக்ஸ்எம்எல் அதைக் கொண்டுவந்து தரும்.