ஆகஸ்ட் வெயிலிலும் ஆலிவ் இலை தொங்காமல் நிற்பது எப்படி?

பசுங்கணிகம்:
வணக்கம். மேல்நிலை வகுப்புகளுக்குத் தாவரவியல் கற்பிக்கிறேன். சென்ற ஆகஸ்டில் ஸ்பெயினின் ஹாயேன் பகுதிக்குச் சென்றிருந்தபோது, பாசனம் இல்லாத ஓர் ஆலிவ் தோப்பில் பிற்பகல் மூன்று மணிக்கு நின்றேன். வெப்பம் 40 பாகையைத் தாண்டியிருந்தது. மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. அப்படியும் ஓர் இலைகூடத் தொங்கவில்லை. என் ஐயம் இதுதான்: ஆலிவ் மரம் இலைத்துளைகளை மூடி நீரைச் சேமிக்கிறது என்று ஓரிடத்தில் படித்தேன், வறட்சியில் அதன் இலையின் நீர் உள்ளார்ந்த திறன் (எண் இறங்க இறங்க வறட்சி மிகுவதைக் காட்டும் நீர் நிலை அளவு) −4 மெகாபாஸ்கலுக்கும் கீழே இறங்குகிறது என்று இன்னோரிடத்தில் படித்தேன். துளைகளை மூடிக்கொள்ளும் மரத்தின் இலை ஏன் அவ்வளவு வறள வேண்டும்? இலையின் அடிப்புறத்து வெள்ளித் தூவிகள் (நுண்மயிர்கள்)தான் நீரைக் காக்கின்றன என்று மாணவர்களிடம் சொல்லிவருகிறேன். அது சரிதானா என்பதையும் அறிய விரும்புகிறேன்.

மண்ணும் வேரும்:
வணக்கம் ஐயா. தாங்கள் படித்த இரண்டுமே சரி. அவை இரு வேறு கேள்விகளுக்கான விடைகள். இலைத்துளை கட்டுப்படுத்துவது நீர் வெளியேறும் வேகத்தை மட்டுமே. இலையின் நீர் நிலை எந்த அளவுக்கு மேல் ஏற முடியாது என்பதை முடிவு செய்வது வேரைச் சுற்றியுள்ள மண். இரவில் துளைகள் மூடி, நீரோட்டம் ஏறக்குறைய நின்று, விடியலுக்கு முன் இலையும் மண்ணும் கிட்டத்தட்ட ஒரே நிலைக்கு வந்துவிடுகின்றன. ஆகவே கோடையின் இறுதியில் மண்ணே −2 மெகாபாஸ்கலில் இருந்தால், இலை எவ்வளவு சிக்கனமாக இருந்தாலும் தன் நாளை அங்கிருந்துதான் தொடங்கியாக வேண்டும். பொதுவாகப் பயிர்களுக்கு −1.5 மெகாபாஸ்கலையே நிரந்தர வாடல் நிலை, அதாவது வேர் அதற்கு மேல் நீரை உறிஞ்ச முடியாத நிலை, என்று பாடத்தில் சொல்கிறோம். ஆலிவ் வேர் அதையும் கடந்து, சுமார் −2.5 வரை காய்ந்த மண்ணிலிருந்தும் நீரை உறிஞ்சுகிறது. அப்படி உறிஞ்ச வேண்டுமானால் இலை மண்ணைவிடக் கீழே இறங்கித்தான் தீர வேண்டும். இலை வறள்வதை மரத்தின் தோல்வி என்று கொள்ளலாகாது. நீரை மேலே இழுக்கும் விசையே அதுதான்.

துளைகளின் நாளொழுங்கும் இதற்கு இசைந்தது. காலையில் காற்று ஈரமாக இருக்கும்போது நன்றாகத் திறந்து ஒளிச்சேர்க்கையால் கிடைக்கும் அன்றைய கரிம வருவாயின் பெரும்பகுதியை ஈட்டிக்கொண்டு, காற்றின் வறட்சி ஏற ஏறப் படிப்படியாகக் குறுக்கிக்கொள்கின்றன. முழுவதும் சாத்திய கதவு என்பதைவிட, ஒருக்களித்த கதவு என்று வகுப்பில் சொல்வது பொருத்தம்.

செல்லுக்குள்ளும் இரண்டு வேலைகள் நடக்கின்றன. மானிட்டால் என்னும் சர்க்கரை ஆல்கஹாலும் பிற கரைபொருள்களும் செறிவதால், மண் வறண்டாலும் செல் தன் விறைப்பழுத்தத்தை (உள்நீர் செல்சுவரை அழுத்தும் விசையை) ஓரளவு தக்கவைத்துக்கொள்கிறது. அதோடு செல்சுவர் தடித்து விறைப்பாக இருப்பதால், சிறிதளவு நீர் குறைந்தாலே நீர் உள்ளார்ந்த திறன் சட்டென்று இறங்கிவிடுகிறது. அதாவது −4 என்ற எண் பயமுறுத்தினாலும், இலை இழந்த நீர் அந்த எண்ணைப் பார்த்து நாம் எண்ணுமளவு பெரிதன்று.

அந்த எண்ணை மாணவர்கள் கண்ணால் காண வேண்டுமானால் அழுத்தக் கலன் பற்றிச் சொல்லுங்கள். கிள்ளிய சிறு கிளையின் வெட்டு முனை மட்டும் வெளியே தெரியுமாறு கலனில் அடைத்து, உள்ளே நைட்ரஜன் வளியின் அழுத்தத்தை ஏற்றிக்கொண்டே போவார்கள். வெட்டு முனையில் ஈரம் மினுக்கிடும் அந்த நொடியில் மானி காட்டும் அழுத்தமே அளவீடு. −4 மெகாபாஸ்கல் என்றால் கார் டயரில் உள்ள காற்றழுத்தத்தைப் போல ஏறக்குறைய 18 மடங்கு கொடுத்த பிறகே நீர் வெளியே எட்டிப்பார்க்கிறது. கடும் வறட்சியில் −7, −8 வரை அளந்திருக்கிறார்கள். அந்த மரங்களும் நீர் கிடைத்தபின் மீண்டன.

அடிலெய்டு வாசி:
இலை ஏன் தொங்கவில்லை என்பதற்கு மேலும் ஒரு காரணம் உண்டு. ஆலிவ் இலையின் உள்திசு முழுவதும் ஸ்கிளிரைடுகள் என்னும் நூல் போன்ற கடினச் செல்கள் ஊடும் பாவுமாக ஓடுகின்றன. விறைப்பு தளர்ந்தாலும் அந்தச் சட்டகம் இலையைத் தாங்கிப் பிடிக்கிறது. இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். இங்கே ஆஸ்திரேலியாவில், அடிலெய்டின் குன்றுகளில் ஆலிவ் களையாகவே முளைத்துக் கிடப்பதால், தொட்டியில் வைத்த செடிக்கும் கவலை வேண்டாம் என்று இங்கு கோடையான ஒரு சனவரி மாதம் ஊருக்குப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது இலைகள் நிமிர்ந்தே இருந்தன. நிறம் மட்டும் மங்கியிருந்தது. தொட்டவுடன் பொலபொலவென்று உதிர்ந்தன. துளசியைப் போல வாடிக் காட்டும் செடி அன்று இது. குன்றில் நிற்கும் மரத்துக்குப் பரந்த வேர் உண்டு. தொட்டிச் செடிக்கு அது இல்லை என்பதை மறந்திருந்தேன்.

நுண்ணோக்கி:
தூவிகளைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். அடிப்புறத்தை நகத்தால் மெல்லச் சுரண்டினால் வெள்ளி உதிர்ந்து பச்சை தெரியும். உதிர்ந்ததை உருப்பெருக்கியில் பார்த்தால், குட்டைக் காம்பின் மேல் விரித்த குடைகளாக, ஒன்றன் விளிம்பின் மேல் ஒன்று படிந்திருக்கும். இலைத்துளைகள் அடிப்புறத்தில் மட்டும், இந்தக் குடைகளுக்குக் கீழே இருப்பதால், அசையாத காற்றுப் படலம் ஒன்று அவற்றுக்குக் கிடைக்கிறது என்பது உண்மையே. ஆனால் துளைகள் குறுகியிருக்கும் நண்பகலில் நீராவிக்கு அத்துளைகள் தரும் தடையே மிகப் பெரிது. அதோடு ஒப்பிட்டால் தூவிகள் கூட்டும் தடை சிறிதுதான். புற ஊதாக் கதிரை உறிஞ்சும் ஃபிளேவனாய்டுகள் அவற்றில் உள்ளதால், கதிர்க் கவசம் என்ற பணியையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மேற்புறத்தில் நீரைக் காப்பது தடித்த கியூட்டிகிள் என்னும் மெழுகுப் படலமே.

பசுங்கணிகம்:
மூவருக்கும் நன்றி. தூவிகளைப் பற்றிய என் குறிப்பைத் திருத்திவிடுகிறேன். மழை பெய்த மறுநாளே இலைத்துளைகள் பழையபடி திறந்துவிடுமா?

மண்ணும் வேரும்:
இல்லை ஐயா. இலையின் நீர் நிலை சில நாள்களில் மீண்டுவிடும். துளைகள் அதைவிடத் தாமதமாகவே பழைய அளவுக்குத் திறக்கும். வறட்சியில் திரண்டு துளைகளை மூடவைக்கும் இயக்குநீரான அப்சிசிக் அமிலத்தின் பாதிப்பும், நீர்ப்பாதையின் கடத்துதிறன் குறைந்திருப்பதும் இதற்குக் காரணமாகச் சொல்லப்படுகின்றன. செப்டம்பரில் ஒற்றை மழை பெய்துவிட்டு மீண்டும் வெயில் காயும் நிலப்பகுதியில், இந்தத் தயக்கம் மரத்துக்கு நன்மையே என்பது என் கருத்து.