நம்ம வீடு குரூப்: 28வது வாரத்து ஊசி

நான்: சித்தி, செக்கப் போய்ட்டு இப்பதான் வந்தேன், 28 வாரம் ஆச்சு, கக்குவான் இருமல் ஊசி போட்டுக்கோங்கன்னு டாக்டர் சொன்னாங்க. அம்மா வேணாங்கிறாங்க

அம்மா: வயித்துல புள்ளய வச்சுக்கிட்டு எதுக்கு ஊசி மேல ஊசி, பொறந்ததும் புள்ளைக்கே போட்டுக்கலாமே. தாய்ப்பால்லயே சக்தி இருக்குன்னு நீதானடி சொல்லுவ

சித்தி: இப்பவும் சொல்றேன்க்கா. ஆனா பால்ல வர்றது பெரும்பாலும் ஐஜிஏங்கிற ஆன்டிபாடி, அதாவது கிருமிய எதிர்க்கிற புரதம், அது தொண்டை குடல்னு மேல பூசின மாதிரி நின்னு காக்கும், ரத்தத்துல சேராது. ரத்தத்துல இருக்க வேண்டியது ஐஜிஜிங்கிற இன்னொரு வகை ஆன்டிபாடி, அது வயித்துல இருக்கும்போதே நஞ்சுக்கொடி வழியா போனாதான் உண்டு. 13வது வாரம் வாக்குல கொஞ்சமா ஆரம்பிக்கும், கடைசி வாரங்கள்லதான் அள்ளிக்கிட்டு போகும், நிறைமாசத்துல பொறந்த புள்ள ரத்தத்துல அம்மாவை விடவே கூட இருக்கும்

சித்தி: ஊசி போட்டு நம்ம உடம்பு அதை தயார் பண்ணவே ரெண்டு வாரம் ஆகும். அதான் 27லருந்து 36 வாரத்துக்குள்ள போடுங்க, தள்ளாதீங்கன்னு சில நாட்டுல சொல்றாங்க. புள்ளையோட சொந்த ஊசி ஆறு வாரம் எட்டு வாரத்துலதான் ஆரம்பம், ஒரு டோஸ்ல முழுசா பாதுகாப்பும் வராது

அண்ணி: நான் ஒண்ணு சொல்லட்டுமா அத்தை, பெரியவன் வயித்துல இருக்கும்போது போட்டதுதானேன்னு சின்னவளுக்கு நான் விட்டுட்டேன், அஞ்சாவது வாரத்துல லேசா சளி மாதிரிதான் இருந்துச்சு இருமல்கூட பெருசா இல்ல, பால் குடிச்சுக்கிட்டே இருந்தவ திடீர்னு மூச்சு விடாம உதடு நீலமாயிட்டா, தூக்கிக்கிட்டு ஓடினேன். இன்னைக்கும் ராத்திரி எந்திரிச்சு அவ மூச்சு விடுறாளான்னு பாக்குறேன்

அம்மா: எங்கிட்ட நிமோனியான்னுதானம்மா சொன்னீங்க

அண்ணி: நீங்க பயப்படுவீங்கன்னு கக்குவான் இருமல்னு சொல்லல அத்தை

சித்தி: பொடிசுங்களுக்கு கக்குவான் இருமல்ல வர்ற அந்த இழுத்து கூவுற சத்தமே பல நேரம் வராதுக்கா, மூச்சே நின்னுரலாம். நம்ம உடம்புல ஆன்டிபாடி ஒண்ணு ரெண்டு வருஷத்துலயே குறைஞ்சிரும், அதனால ஒவ்வொரு பிரசவத்துக்கும் புதுசா போடணும். புள்ளைக்கு போன ஆன்டிபாடியும் ஏறக்குறைய மாசத்துக்கு பாதியா கரையும், ஆனா ரொம்ப ஆபத்தான மொத ரெண்டு மூணு மாசத்த தாண்ட வச்சிரும்

நான்: உயிருள்ள கிருமி எதுவும் இல்லையே சித்தி?

சித்தி: இல்லடா, கிருமியோட சில புரத துண்டுங்கதான். தட்டம்மை, சின்னம்மை ஊசிலதான் வீரியம் குறைச்ச உயிருள்ள கிருமி இருக்கும், அதை மாசமா இருக்கும்போது போட மாட்டாங்க. ஃப்ளூ ஊசியும் கேட்டு போட்டுக்கோ, ஆறு மாசம் வரைக்கும் புள்ளைக்கு அதை போட முடியாது. கை ரெண்டு நாள் வலிக்கும், லேசா காய்ச்சல் வந்தா டாக்டர்கிட்ட கேட்டு பாராசிட்டமால் போடு

நான்: சரி சித்தி, நாளைக்கே போறேன்

அம்மா: நானும் கூட வர்றேன். ஏண்டி, மூணு மாசம் புள்ளய தூக்கிட்டு இருக்கப்போறது நான்தானே, எனக்கும் அந்த ஊசி உண்டா?

சித்தி: உண்டுக்கா, பெரியவங்களும் போடலாம். புள்ள பொறக்க ரெண்டு வாரம் முன்னாடியாவது போட்டிருக்கணும், நாளைக்கே கேட்டுருங்க