நீதிக்கட்சி வெள்ளைக்காரனுக்கு ஜால்ரா போட்ட கட்சியா?

அல்சூர்வாசி: பெங்களூர்லயே பொறந்து வளர்ந்தவன் நான், ஸ்கூல்ல தமிழ்நாட்டு வரலாறு படிச்சதில்ல. ஆபீஸ்ல சென்னைக்காரர் ஒருத்தர் ஜஸ்டிஸ் பார்ட்டின்னாலே வெள்ளைக்காரன் காலைப் புடிச்ச ஜமீன்தாருங்கன்றார், எங்க தாத்தாவோ அவங்க இல்லன்னா நம்ம வீட்ல யாரு படிச்சிருப்பான்னு கேப்பாரு. எது நெஜம்? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

செல்வி_ஜெயநகர்: தம்பி, ரெண்டும் நெஜந்தான். 1916 நவம்பர்ல மெட்ராஸ்ல தியாகராயச் செட்டியார், டி.எம்.நாயர், நடேச முதலியார் சேர்ந்து ஆரம்பிச்சாங்க, அப்ப அன்னி பெசன்ட் ஹோம் ரூல், அதாவது சுயாட்சி, கேட்டுட்டு இருந்தாங்க, இவங்க நேரடியாவே எதிர்த்தாங்க, ஏன்னா ஜனத்தொகைல சுமார் 3 சதவீதம் இருந்த பிராமணர்கள்தான் பட்டதாரிங்கள்ல பெரும்பகுதி, இந்த நெலமைல சுயாட்சி வந்தா அதிகாரம் யார் கைக்குப் போகும்னு பயம். அந்த பயம் நியாயமானதுன்னுதான் நான் சொல்வேன். 1920 தேர்தல காங்கிரஸ் புறக்கணிச்சதால ஆட்சிக்கு வந்தாங்க. 1921லயே கம்யூனல் ஜி.ஓ., அதாவது சர்க்கார் வேலைய சாதி, மதவாரியாப் பிரிச்சுக் குடுக்கணும்ன்ற அரசாணை போட்டாங்க, பொம்பளைங்களுக்கு ஓட்டுரிமை வந்ததும் அதே வருஷந்தான். உங்க தாத்தா சொல்றது இதத்தான்.

கேஜிஎஃப்_மாறன்: அக்கா, ஒண்ண விட்டுட்டீங்க. அதே 1921ல மெட்ராஸ்ல பி அண்ட் சி துணி மில் ஸ்ட்ரைக், அதுல சேராத ஆதிதிராவிடர் தொழிலாளிங்களுக்கும் மத்தவங்களுக்கும் நடந்த சண்டைதான் புளியந்தோப்பு கலவரம். அப்ப நீதிக்கட்சித் தலைவருங்க ஆதிதிராவிடர் பக்கம் நிக்கல, சர்க்கார் அவங்களுக்கு ரொம்ப செல்லம் குடுக்குறதாலதான் பிரச்சனைன்னு பேசினாங்க. ஆதிதிராவிடர் தலைவர் எம்.சி.ராஜா 1923ல கட்சிய விட்டே போனார். வெள்ளைக்காரனுக்கு விசுவாசமா இருந்தத விட இதுதான் எனக்கு பெரிய தப்பாத் தெரியுது, பிராமணரல்லாதார்னா எல்லாருந்தானே.

பழைய_கன்டோன்மென்ட்: மாறன் சொன்னது சரி. நம்ம ஊர்க்கதையும் சேத்துப் பாருங்க, மைசூர் சமஸ்தானத்துல 1917ல பிரஜா மித்ர மண்டலின்னு ஒரு அமைப்பு, பிராமணரல்லாதாருக்கும் வேலைல பங்கு வேணும்ன்ற இதே கோரிக்கையோட வந்துச்சு. ஆனா இங்க ராஜா கிட்டயே கேக்க முடிஞ்சுது, நால்வடி கிருஷ்ணராஜ உடையார் 1918ல அத ஆராய மில்லர் கமிட்டி போட்டார், திவான் விஸ்வேஸ்வரய்யாவுக்கு அதுல உடன்பாடில்ல, கொஞ்ச நாள்ல பதவிய விட்டுட்டார். மெட்ராஸ்காரங்களுக்கு கேக்கறதுக்கு வெள்ளைக்காரன் மட்டுந்தான் இருந்தான். ஆனா 1930கள்லயும் ஜமீன்தாருங்க கைலயே கட்சிய விட்டது மன்னிக்க முடியாது, 1937 தேர்தல்ல கட்சித் தலைவரான பொப்பிலி ராஜாவே காங்கிரஸ் வி.வி.கிரி கிட்ட தோத்தார். பெரியார் தலைவரானப்புறம் 1944 சேலம் மாநாட்டுலதான் வெள்ளைக்காரன் குடுத்த சர், ராவ் பகதூர் பட்டத்தெல்லாம் விடணும்னு அண்ணா தீர்மானம் கொண்டுவந்தார், கட்சி பேரும் திராவிடர் கழகம்னு மாறுச்சு. பட்டத்த விட மனசில்லாதவங்க தனியா ஒதுங்கிட்டாங்க.