முக்கால் மீட்டர் மிச்சமா, 3/7 மிச்சமா?

கணக்கு ஆசிரியர்கள் யாராவது இருந்தால் கொஞ்சம் கை கொடுங்கள்.

ஆறாம் வகுப்புப் படிக்கும் மகளுக்கு வந்த கணக்கு இது: 9½ மீட்டர் துணியில், 1¾ மீட்டர் வீதம் எத்தனை பாவாடை தைக்கலாம்? 19/2 ÷ 7/4 என்று மாற்றி, தலைகீழாக்கிப் பெருக்கி, 38/7, அதாவது 5 3/7 என்று எழுதிவிட்டாள். அடுத்த வரியில் “மிச்சத் துணி 3/7 மீட்டர்” என்றும் எழுதியிருந்தாள்.

நான் தையல் வேலை செய்பவள். கயிற்றை 9½ மீட்டருக்கு நறுக்கி, ஒன்றேமுக்கால் ஒன்றேமுக்காலாக வெட்டச் சொன்னேன். ஐந்து துண்டு போக முக்கால் மீட்டர் நின்றது. “கயிறு முக்கால் என்கிறது, நோட்டு 3/7 என்கிறது. எதை நம்புவது அம்மா?” என்கிறாள்.

யோசித்ததில் எனக்குப் பிடிபட்டது இவ்வளவுதான்: ஒரு பாவாடைக்கு ஏழு கால் மீட்டர் வேண்டும், கையில் இருப்பது மூன்று கால். ஆகவே அந்த 3/7 மீட்டர் அல்ல, ஒரு பாவாடையில் 3/7 பங்கு. இதைச் சொன்னால் தலையாட்டுகிறாள். அடுத்த கணக்கில் மறுபடி அதே தவறு. (எட்டில் ஒன்றை அரைக்கால், பதினாறில் ஒன்றை வீசம் என்று வாயாலேயே கணக்குப் போட்ட என் பாட்டி இருந்திருந்தால் இந்தப் பதிவே தேவைப்பட்டிருக்காது.)

மீதி எந்த அளவில் வருகிறது என்பதை மனதில் பதியவைக்க வகுப்பில் என்ன செய்வீர்கள்? வகுக்கும் பின்னத்தை ஏன் தலைகீழாக்குகிறோம் என்பதையும் கயிறோ காகிதமோ வைத்துக் காட்ட வழி உண்டா? “விதி அப்படித்தான்” என்ற பதில் அவளிடம் செல்லாது.