புதுப்பிப்பு: ஸ்கார்பரோ மாலும் எங்கள் இரண்டு வாண்டுகளும்

டொராண்டோவுக்குப் புதிதாக வந்திருக்கிறோம், பனிக்காலத்தில் பிள்ளைகளை எங்கே ஓடவிடுவது என்று முன்பு கேட்டிருந்தேன். பலரும் சொன்ன ஸ்கார்பரோ டவுன் சென்டர் மாலுக்கே போய்வருகிறோம். டிடிசி என்கிற நகரப் பேருந்தில் 12 வயது வரை கட்டணம் இல்லை.

விலைச்சீட்டு விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஊரில் பார்த்த எம்ஆர்பி மாதிரி அதில் வரி சேர்ந்திருக்காது. டொராண்டோ இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தில் எச்எஸ்டி என்கிற விற்பனை வரி 13%, கல்லாவில்தான் ஏறும். ஆனால் குழந்தைகளின் உடைக்கும் குறிப்பிட்ட அளவு வரையிலான காலணிக்கும் 5% மட்டுமே. ஸ்னோ பூட்ஸ் வாங்கி, ரசீதைப் பார்த்த பிறகுதான் நம்பினேன்.

உள்ளே போனதும் கனத்த கோட்டுகளைக் கழற்றிச் சுமக்க வேண்டும். ஸ்ட்ரோலர் அதற்குத்தான் உதவுகிறது; சின்னவள் அதில் உட்காருவதே இல்லை.

பொம்மைக் கடைப் பஞ்சாயத்து மட்டும் ஓயவில்லை. அதனால் சாப்பிட்டதும் நடக்கிற தூரத்தில் உள்ள சிவிக் சென்டர் நூலகத்துக்குக் கிளம்பிவிடுகிறோம். 2015-இல் திறந்தது, காசு கேட்க மாட்டார்கள். பக்கத்திலேயே ஆல்பர்ட் கேம்பல் சதுக்கத்தில் ஐஸ் ஸ்கேட்டிங் தளமும் இலவசம். அப்புறம், பிள்ளைகளுக்குப் பழைய ஸ்கேட்ஸ் எங்கே மலிவாகக் கிடைக்கும்?