ஆன்லைனில் வடிவமைத்த ஃபைல் அச்சுக்குப் போனபோது: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

அச்சுக்கு வரும் ஃபைல்களைத் திறந்து, சரிபார்த்து, அச்சுத் தகடான பிளேட்டுக்குத் தயார் செய்வதுதான் என் வேலை. முன்பெல்லாம் ஃபைல் அனுப்புகிறவர் பெரும்பாலும் தொழில்முறை வடிவமைப்பாளராக இருப்பார். இப்போது எழுதுகிறவர்களே பிரவுசரில் உட்கார்ந்து ஒரு புத்தகத்தை முடித்து அனுப்பிவிடுகிறார்கள். எனக்கு இது பிடித்திருக்கிறது. தன் கவிதைகளைத் தானே பக்கம் பக்கமாக அடுக்கியவரின் ஃபைலில் ஓர் அக்கறை தெரியும். அது தாளில் வந்து சேராமல் போனால்தான் மனசு கேட்பதில்லை.

அப்படி வந்த ஒரு கவிதைத் தொகுப்பு. ரேப்பர், அதாவது மேலட்டை, முழுக்க அடர்நீலம், விளிம்பு வரை. ஃபைல் சரியாக ஏ5, அதாவது 148 × 210 மி.மீ. கூப்பிட்டு, "ப்ளீட் இல்லையே அம்மா" என்றேன். "திரையில் எங்கேயும் வெள்ளை தெரியவில்லையே சார்" என்றார். திரையில் தெரியாதுதான். கட்டிங் மெஷினில் தாள்களைக் கட்டாக அடுக்கி வெட்டும்போது ஒன்று சற்று நகரும், அரை மில்லிமீட்டர் போதும், விளிம்பில் வெள்ளைக் கோடு விழுந்துவிடும். அதனால்தான் நான்கு பக்கமும் 3 மி.மீ. கூடுதலாக வண்ணத்தை ஓடவிட்டு, 154 × 216 ஆகக் கேட்கிறோம். அந்தக் கூடுதல்தான் ப்ளீட்.

"நீங்களே கொஞ்சம் பெரிதாக்கிக் கொள்ளக் கூடாதா?" என்று கேட்டார். செய்யலாம். ஆனால் நீலத்தோடு சேர்ந்து, விளிம்பை ஒட்டி அவர் வைத்திருந்த பெயரும் கத்திப் பக்கம் நகரும். அவர் பயன்படுத்தியது கேன்வா என்ற ஆன்லைன் வடிவமைப்பு மென்பொருள். அதில் அச்சு ப்ளீடைக் காட்டும் வசதி இருக்கிறது, அதை ஆன் செய்து நீலத்தை வெளிக்கோடு வரை இழுத்தார். பெயரை உள்ளே தள்ளினார். பிறகு 'பிடிஎஃப் பிரிண்ட்' தேர்ந்தெடுத்து, கிராப் மார்க்கும் (வெட்டும் இடத்தைக் காட்டும் கோடு) ப்ளீடும் என்ற கட்டத்தில் டிக் செய்து இறக்கினார். வண்ணத்தை இழுக்காமல் டிக் மட்டும் செய்து அனுப்புகிறவர்கள் நிறைய. அப்போது கிராப் மார்க் அழகாக வரும், ப்ளீட் இருக்க வேண்டிய இடம் வெறும் வெள்ளையாக இருக்கும்.

அதே தொகுப்பின் உள்பக்கங்களில் இன்னொன்று. எழுத்தெல்லாம் கறுப்புதான், ஆனால் ஆர்ஜிபி கறுப்பு, அதாவது திரைக்கான சிவப்பு, பச்சை, நீல ஒளிக் கணக்கில் அமைந்த கறுப்பு. அதை அப்படியே அச்சின் நான்கு மைக் கணக்கான சிஎம்ஒய்கே (சியான், மஜென்டா, மஞ்சள், கறுப்பு) ஆக்கினால் ஒரே கறுப்பு மையில் வர வேண்டிய எழுத்து நான்கு மையிலும் பிரிந்துவிடும். மைகள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தி விழும் ரெஜிஸ்ட்ரேஷன் மயிரிழை விலகினாலும் 9 பாயின்ட் எழுத்தில் தெரியும். லென்ஸ் வைத்துப் பார்த்தால் 'ண'வின் சுழிக்குள் ஒரு பக்கம் சிவப்பு, மறுபக்கம் நீலம். பிடிஎஃப் மென்பொருளான அக்ரோபாட் புரோ இருப்பவர்கள் 'அவுட்புட் பிரிவியூ'வில் பிளாக்கை மட்டும் அணைத்துப் பாருங்கள். எழுத்து முழுவதும் மறைந்தால் நல்லது. வெளிறிய எழுத்து பாக்கி நின்றால் அது நான்கு மைக் கறுப்பு. இந்தப் புத்தகத்தின் உள்பக்கத்தில் வண்ணமே இல்லாததால், அச்சகத்தில் நாங்களே கிரேஸ்கேலாக (கறுப்பு மை மட்டும்) மாற்றி, எழுத்து முழுவதும் 100 சதவீதக் கறுப்பாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டோம்.

உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கள்.

*

வணக்கம் ஐயா. நான் ஒரு சிற்றிதழுக்கு லேஅவுட் செய்கிறேன். எங்களுக்கு ப்ளீடைவிடப் பெரிய தலைவலி தமிழ் எழுத்துதான்.

மூத்த எழுத்தாளர்கள் சிலர் இன்னும் யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருவான பாமினியில்தான் தட்டச்சு செய்து அனுப்புவார்கள். பிரவுசர் மென்பொருளில் ஒட்டினால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக நிற்கும். எல்லா மென்பொருளும் புரிந்துகொள்ளும் யூனிகோடுக்கு மாற்றித்தான் உள்ளே கொண்டுவர வேண்டும். மாற்றியதையும் ஒரு தடவை வரிவரியாக வாசிப்பேன். மேற்கோள் குறி, அடைப்புக்குறி, 'ஸ்ரீ' எல்லாம் மாற்றத்தில் கெடுகிற இடங்கள்.

அதற்கும் மேல் ஒன்று நடந்தது. ஓர் ஆன்லைன் மென்பொருளில் இதழ் முழுவதையும் அமைத்தோம். திரையில் கச்சிதம். பிடிஎஃப் இறக்கிப் பார்த்தால் 'கொ' வரும் இடமெல்லாம் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கிறது, சில இடங்களில் புள்ளி வட்டத்தோடு. அதுவும் தலைப்புகளில் மட்டும், ஏனென்றால் தலைப்புக்கு வேறு எழுத்துரு. நோட்டோ சான்ஸ் தமிழ் என்ற எழுத்துருவுக்கு மாற்றியதும் சரியானது. அன்றிலிருந்து எங்கள் ஆசிரியர் குழுவில் மெய்ப்பு பார்ப்பது என்றால் இறக்கிய பிடிஎஃபைப் பார்ப்பதுதான். எடிட்டர் திரையைப் பார்த்துச் சொல்லும் ஓகேயை நாங்கள் கணக்கில் எடுப்பதில்லை.

எழுத்துரு உள்ளே பொதிந்திருக்கிறதா என்று பார்க்க இலவச அக்ரோபாட் ரீடரே போதும். ப்ராப்பர்ட்டீஸ் போய் ஃபான்ட்ஸ் பகுதியில் ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் 'எம்பெடட்' அல்லது 'எம்பெடட் சப்செட்' என்று இருக்க வேண்டும். அப்புறம், பிடிஎஃபில் இருந்து தமிழை காப்பி செய்தால் குழம்பி வருகிறதே என்று பயப்படுகிறார்கள். அச்சுக்கு அது பிரச்சினை இல்லை. கண்ணுக்குச் சரியாகத் தெரிகிற வடிவம்தான் தாளில் விழும்.

*

எங்கள் குடும்ப மலருக்குப் படம் சேகரித்த அனுபவம். அக்கா, மாமா, சித்தப்பா எல்லோரும் வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள். அது படத்தைச் சுருக்கித்தான் அனுப்பும். ஏ5 பக்கம் முழுக்க ஒரு படம் வர, ப்ளீடோடு சேர்த்து 300 பிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 பிக்சல்) கணக்கில் சுமார் 1819 × 2551 பிக்சல் வேண்டும். தாத்தாவின் கல்யாணப் படம் அதில் பாதிகூட இல்லை. ஆல்பத்தில் இருந்து எடுத்து ஸ்கேன் செய்து, 'டாக்குமென்ட்' ஆக அனுப்பச் சொன்னதும் பாட்டியின் புடவைக் கரை வரை தெளிவாக வந்தது. பெரிதாக்கித் தருகிற ஆன்லைன் கருவிகளைப் பழைய முகங்களுக்குப் பயன்படுத்த எனக்கு மனமில்லை. இல்லாத விவரத்தை ஊகித்து நிரப்புகிறது, தாத்தா வேறு யாரோ போல ஆகிவிடுகிறார்.

*

ஐயா, ஒரு சந்தேகம். 'பிடிஎஃப்/எக்ஸ் அனுப்புங்கள்' என்கிறது அச்சகம். என் மென்பொருளில் அப்படி ஒரு தேர்வே இல்லை. புத்தகத்தின் முதுகுப் பக்க (ஸ்பைன்) அகலமும் கேட்கிறார்கள்.

*

முதுகை நீங்கள் ஊகிக்க வேண்டாம், அச்சகத்திடமே கேளுங்கள். அது தாளைப் பொறுத்தது. 200 பக்கம் என்றால் 100 தாள். ஒரு தாள் 0.1 மி.மீ. தடிமன் என்றால் 10 மி.மீ. தாளை மாற்றினால் முதுகும் மாறும், ரேப்பரின் மொத்த அகலமும் மாறும். அதனால் தாள் முடிவான பிறகே ரேப்பரை அமைப்பது நல்லது. உள்பக்கங்களைத் தனித்தனிப் பக்கமாக அனுப்புங்கள். எதிரெதிர் பக்கங்களை ஒட்டி அனுப்பினால் நாங்கள் பிரிக்க வேண்டியிருக்கும். நடுவில் மடித்துப் பின் அடிக்கும் சென்டர் பின் புத்தகமானால் மொத்தப் பக்கம் 4-ஆல் வகுபட வேண்டும்.

பிடிஎஃப்/எக்ஸ் என்பது அச்சுக்கென்றே வகுத்த ஐஎஸ்ஓ தரம். எக்ஸ்-1ஏ வகையில் ஆர்ஜிபி கூடாது, பின்னால் இருப்பது தெரிகிற ட்ரான்ஸ்பரன்சியும் கூடாது. எக்ஸ்-4 இரண்டையும் ஏற்கும், ஆர்ஜிபிக்கு வண்ண ப்ரொஃபைல் (நிறத்தை எப்படிப் படிக்க வேண்டும் என்ற குறிப்பு) இணைந்திருக்க வேண்டும். பல ஆன்லைன் மென்பொருள்களில் இந்தத் தேர்வு இருக்காது. தயங்காமல் அதை அச்சகத்திடம் சொல்லிவிட்டு, கிடைப்பதில் உயர்ந்த தரமான பிடிஎஃபை ப்ளீடோடு அனுப்புங்கள். மாற்றுகிற வேலையை எங்களைப் போன்றவர்கள் செய்வோம். மாற்றிய பிறகு வரும் மெய்ப்பைக் கட்டாயம் கேட்டு வாங்குங்கள். பளிச்சென்ற பச்சையும் மின்னுகிற நீலமும் சிஎம்ஒய்கேயில் மங்கித்தான் வரும். பிளேட் போடுவதற்கு முன்பே பார்த்தால் நிறத்தை மாற்றிக்கொள்ள நேரம் இருக்கும்.