அப்பாவுக்குத் துண்டு வெட்டி ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு விடப் போகிறார்கள், வீட்டை ஆயத்தப்படுத்த உதவி தேவை

வணக்கம். பாரிசவாதம் வந்து ஆஸ்பத்திரியில் இருக்கும் அப்பாவுக்கு அடுத்த கிழமை துண்டு வெட்டுவார்களாம். வலப்பக்கம் இன்னும் சரிவரவில்லை. ஒருவர் பிடித்தால் கட்டிலிலிருந்து கதிரைக்கு மாறுவார்.

வீடு யாழ்ப்பாணம் கோண்டாவிலில். விறாந்தைப் படி 7 அங்குலம். சக்கர நாற்காலி ஏற, அங்குலத்துக்கு ஓரடி சாய்வு வேண்டும், ஆக 7 அடி. முற்றத்தில் இடமிருக்கிறது, மேசன்தான் கிடைக்கவில்லை. பெரிய தலையிடி மலசலகூடம்: குந்துகிற வகை, அதுவும் கிணற்றடிக்கு அப்பால். கொமட் கதிரை இரவலாகவோ வாடகைக்கோ யாரிடமாவது உண்டா?

அம்மாவுக்கு நாரி நோ, தூக்க ஏலாது. தங்கச்சிதான் ஆஸ்பத்திரி விடுதியில் நின்று அப்பாவைப் பிடித்து மாற்றப் பழகுகிறாள். வீட்டுக்கு வரக்கூடிய இயன்மருத்துவர் (பிசியோதெரபிஸ்ட்) தெரிந்தால் சொல்லுங்கோ. அப்புறம், மருந்து, கிளினிக் திகதி, சாப்பாட்டுப் பதம் தவிர, வெளிக்கிட முதல் வைத்தியரிடம் வேறு என்ன கேட்டு எழுதி வாங்க வேண்டும்?